அட்டை எண் 114-இன் கை சுத்தமானது என்பது குறித்து

அனுப்புநர்

கறவை அட்டை எண் 114-க்கு உரியவளின் தாய்மாமன்,
தொழில்: விளம்பரப் பலகை எழுதுதல் (அழைக்கும் பெயர்: போர்டு மாமா),
மரக்கடைச் சந்து, கடைசி வீடு,
ஆட்டுக் கொட்டகையை ஒட்டிய அறை.

பெறுநர்

துணை இயக்குநர் அவர்கள்,
கறவை ஆடுகள் நலம் மற்றும் பால் தரக் கண்காணிப்பு அலுவலகம்,
மாடி அறை.

பொருள்: "மேனேஜர்" என்னும் கறவை ஆட்டை வரும் 18ஆம் தேதி கழிவு வண்டியில் ஏற்றுவதை நிறுத்தி, அதன் கருப்பையைப் பரிசோதிக்கவும், கை சுத்தமில்லாதவர் பலகையிலிருந்து அட்டை எண் 114-ஐ நீக்கவும், ஜன்னல் இரண்டின் பதிவேட்டில் உள்ள பொய் ஒன்றைத் திருத்தவும் வேண்டுதல்.

பார்வை: 1. எனது முந்தைய மனுக்கள் ஆறு. 2. ஜன்னல் இரண்டு பதிவேடு, ஜனவரி 27. 3. தங்கள் அலுவலகக் கழிவுப் பட்டியல், வரிசை எண் 3.

மதிப்பும், என்னால் பலமுறை சோதிக்கப்பட்ட பொறுமையும் உடைய ஐயா,

1. இது என் ஏழாவது மனு. முதல் ஆறும் தங்கள் அலுவலகத்தில் எங்கோ நலமாக இருக்கின்றன என்று நம்புகிறேன். அவற்றுக்குத் தரப்பட்ட முத்திரைச் சீட்டுகள் என் தகரப் பெட்டியில் குடும்பம் நடத்துகின்றன. கடந்த நான்கு வாரங்களில் பதினோரு முறை தங்கள் கீழ்த்தளத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் ஒரு யானை கருத்தரித்து, ஈன்று, கன்றைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்திருக்கும். பெஞ்சின் இடது ஓரத்தில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது. எனக்கும் அதற்கும் இப்போது உறவுமுறையே உண்டாகிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, களைப்பில் சொல்கிறேன். முதல் ஆறு மனுக்களையும் வீராவேசமாக எழுதினேன். இதை அப்படி எழுத உடம்பில் தெம்பில்லை. ஆனால் அந்த ஆறிலும் இல்லாத ஓர் உண்மை இதில் இருக்கிறது. அது எட்டாம் பத்தியில் வருகிறது. தங்களுக்கு அவசரம் என்றால் நேராக அங்கே போய்விடலாம். நான் அங்கே போய்ச் சேரத்தான் ஏழு மனுக்கள் ஆயின.

2. அட்டை எண் 114 என் அக்கா மகள். அவள் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார்; மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, தூங்கி, போகிறார். பள்ளிக்குப் போகும் ஒரு மகள். ஒன்பது கறவை ஆடுகள். பத்தாவதாக நான். மற்ற ஒன்பதும் பால் தருகின்றன. நான் ஆலோசனை தருகிறேன்.

ஒன்பதில் தலையாயவள் மேனேஜர். (அப்பெயரில் தங்கள் அலுவலகத்தில் எந்தப் பதவியும் இல்லை என்று விசாரித்த பிறகே இங்கு எழுதுகிறேன்.) காலையில் மற்ற எட்டு ஆடுகளின் தீவனத் தொட்டியையும் வரிசையாக மோந்து பார்த்து, எதிலும் திருப்தியில்லாமல் தலையை உதறிவிட்டுத்தான் தன் தொட்டிக்கு வருவாள். அதனால் வந்த பெயர். சென்ற ஆண்டு அவள் கறந்த பாலை ஒன்றாகத் தேக்கியிருந்தால் படகு விட்டிருக்கலாம்.

என் அக்கா மகள் கறக்கும் முறையைத் தாங்கள் ஒரு நாளாவது நேரில் பார்க்க வேண்டும். ஒன்பது ஆடுகளுக்கும் ஒன்பது துணிகள். ஒன்றின் துணி இன்னொன்றின் மடியில் படாது. துணியின் மூலையில் எண் எழுதியவன் நான். எனாமல் பெயிண்ட், எத்தனை முறை வெந்நீரில் அலசினாலும் போகாது. முதல் பீச்சைக் கறுப்புக் கிண்ணத்தில் பீச்சி, திரி திரியாக ஏதும் விழுகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பாள். கறந்து முடித்ததும் காம்பை மருந்தில் முக்குவாள். ஓர் ஆட்டுக்கும் அடுத்த ஆட்டுக்கும் நடுவே கை கழுவுவாள். அரசர்கள் முடிசூட்டிக்கொள்ளப் போகும்போதும் இவ்வளவு சுத்தமாகப் போயிருக்க மாட்டார்கள்.

3. மேனேஜர் ஜனவரி 9ஆம் தேதி இரண்டு பெட்டைக் குட்டிகளை ஈன்றாள். பிப்ரவரி 4ஆம் தேதி தங்கள் மடிப் பரிசோதகர் வந்தார். கையில் எப்போதும் பரிசோதனைத் தட்டு இருப்பதால் அவரைத் தட்டு சார் என்கிறோம். தட்டின் கிண்ணங்களில் இரண்டு காம்புப் பாலையும் தனித்தனியே பீச்சி, ஊதா மருந்தை ஊற்றி ஆட்டினார். நல்ல பால் என்றால் தண்ணீராக ஓடும். மேனேஜரின் பால் இரண்டு கிண்ணத்திலும் கூழாகக் கட்டியது.

"ரெண்டு பக்கமும் கட்டுதேம்மா. கை கழுவறீங்களா இல்லையா?"

"கழுவிட்டுத்தான் சார் கறக்கறேன்."

"எல்லாரும்தான் கழுவறாங்க. சுத்தமா கழுவணும்."

காம்புக்குள் ஏற்றும் டியூப் மருந்து கொடுத்தார். அவள் கொடுத்தபடி ஏற்றினாள். பிப்ரவரி 25, மீண்டும் கூழ். வேறு டியூப். மார்ச் 18, மீண்டும் கூழ். இதற்கிடையில் இரண்டு முறை பாலை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு முறையும் "கிருமி ஏதும் வளரவில்லை" என்று பதில் வந்தது. கிருமி இல்லை என்றால் மகிழ்ச்சிதானே என்று நான் தட்டு சாரைக் கேட்டேன். "கிருமி இல்லன்னா, சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடி இவங்க ஏதோ மருந்து போட்டு மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம் பெரியவரே" என்றார். கிருமி இருந்தால் கை அழுக்கு. கிருமி இல்லாவிட்டால் கை அழுக்கோடு திருட்டும் உண்டு. இதற்குமேல் எங்களிடம் கொண்டுவந்து காட்ட மூன்றாவதாக ஒரு நிலை இல்லை ஐயா.

4. மூன்று முறை தவறினால் கறவை அட்டை நிறுத்தம், ஆடு கழிவுப் பட்டியலில், அதாவது கறிக்கு ஏற்றிப்போகும் வண்டிக்கு என்பது விதி. மார்ச் 19ஆம் தேதி பால் சேகரிப்பு நிலையத்தின் வாசலில் உள்ள பலகையில் 114 என்று சாக்கட்டியால் எழுதினார்கள். அந்தப் பலகையைத் தாங்கள் அறிவீர்கள். கறுப்புப் பின்னணி, சிவப்புத் தலைப்பு: "கை சுத்தமில்லாத கறவையாளர்கள்". ஆறு ஆண்டுகளுக்கு முன்பு தங்கள் அலுவலகத்துக்காக அதை எழுதியது நான்தான். நூறடி தூரத்திலிருந்து பார்த்தாலும் பார்ப்பவர் நெஞ்சு பதற வேண்டும் என்று எழுத்தை அத்தனை தடிமனாக எழுதினேன். நூற்றைம்பது அடியிலிருந்தும் பதறுகிறது. சோதித்துப் பார்த்துவிட்டேன்.

5. அன்றிலிருந்து எங்கள் பாலை யாரும் வாங்குவதில்லை. மற்ற எட்டு ஆடுகளின் பால் தட்டில் தண்ணீராகத்தான் ஓடுகிறது. ஆனால் கறக்கும் கை ஒன்றுதான் என்பதால் அந்தப் பாலும் தள்ளுபடி. இங்கே என் சிற்றறிவுக்கு எட்டிய ஒரு கேள்வியை முதல் மனுவிலேயே கேட்டிருந்தேன். ஒரே கை ஒன்பது மடிகளில் படுகிறது. கை அழுக்கென்றால் ஒன்பதும் அல்லவா கெட வேண்டும்? மேலும், வெளியிலிருந்து காம்பு வழியாக நோய் நுழைந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் கெடும் என்று தட்டு சாரே மற்ற வீடுகளில் சொல்லியிருக்கிறார். இவளுக்கு மட்டும் எப்படி இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே அளவில்? தட்டு சாரின் பதில்: "கை ஒரு நேரம் மாதிரி ஒரு நேரம் இருக்காது பெரியவரே." இந்தப் பதிலைச் சட்டமிட்டு மாட்டலாம். எழுதித் தர நான் தயார்.

ஜன்னல் ஒன்று மடிக்கு. ஜன்னல் இரண்டு கருப்பைக்கும் ஈற்றுக்கும். இரண்டுக்கும் மேலே தொங்கும் பலகைகளும் என் கைவண்ணமே. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அடிச் சுவர். அந்தச் சுவரைக் கடக்கக் கப்பல் வேண்டும் போலிருக்கிறது. ஒன்றில் கருப்பை என்றால் "பக்கத்து ஜன்னல்". இரண்டில் மடி என்றால் "பக்கத்து ஜன்னல்". ஆட்டுக்கு இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்பதை என் நான்காவது மனுவில் படம் வரைந்தே அனுப்பியிருந்தேன்.

6. ஐயா, இந்தப் பத்தியில் நான் எதையும் பெரிதுபடுத்தவில்லை. என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள், ஆயினும் உண்மை.

பலகையில் எண் ஏறிய நாளிலிருந்து என் அக்கா மகள் கை கழுவிக்கொண்டே இருக்கிறாள். முதலில் சோப்பு. பிறகு காம்பு முக்கும் மருந்திலேயே தன் விரல்களை முக்கினாள். பிறகு வெந்நீர், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் சூட்டில். விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மகளுக்குத் தலை பின்னும்போது பழைய கையுறை போட்டுக்கொள்கிறாள். "அம்மா, முடி இழுக்குதும்மா, அதைக் கழட்டேன்" என்று குழந்தை அழுதால், "அம்மா கை நல்லால்ல கண்ணு" என்கிறாள். சப்பாத்தி மாவைப் பிசைய என்னைக் கூப்பிடுகிறாள். நான் பிசைந்த மாவில் ஒரு வீடே கட்டலாம். ஆனாலும் பேசாமல் சாப்பிடுகிறார்கள்.

சென்ற வாரம் கொட்டகையில் மேனேஜர் வழக்கம்போல வந்து அவள் தோளில் முகத்தை வைத்தாள். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "போடி. என்னால உனக்கு இது வேணாம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கே தெரியாம எங்கயோ தப்பு பண்றேன் போல மாமா. எல்லாரும் சொல்றாங்கன்னா சும்மாவா?" என்று கேட்டாள். நான் காலித் தீவனத் தொட்டியைப் பெருக்க ஆரம்பித்தேன். வாய் ஓயாதவன் என்று பெயரெடுத்தவன் நான்.

7. ஏப்ரல் 14ஆம் தேதி, பதினோராவது வருகை. ஜன்னல் இரண்டில் வழக்கமானவர் விடுப்பில் இருந்தார். பதிலுக்கு ஒரு டாக்டர் அம்மா உட்கார்ந்திருந்தார். என் காகிதங்கள் அனைத்தையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். தங்கள் அலுவலகத்தில் ஒருவர் என் மனுவைப் படிப்பதை அன்றுதான் பார்த்தேன். மயக்கமே வந்துவிட்டது, ஆணியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஆய்வக அறிக்கையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி மடியைப் பற்றியது அல்ல.

"குட்டி போட்டப்புறம் பின்பக்கம் வாடை ஏதாவது வந்துதா?"

வந்தது என்றேன். ஈன்று இரண்டு வாரம் கழித்துப் பழுப்பாகக் கசிந்தது. என் அக்கா மகள் ஜனவரி 27ஆம் தேதி இதே ஜன்னலுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள். டாக்டர் அம்மா பதிவேட்டைப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு எனக்குப் புரியும்படி சொன்னார். அதை என் நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்:

"நஞ்சுக்கொடித் துண்டு கர்ப்பப்பைல தங்கிப்போச்சுன்னா அழுகும், கிருமி பெருகும். கிருமி அங்கயே கிடந்தாலும் அது விடற நச்சு ரத்தத்துல கலந்து மடி வரைக்கும் போகலாம். கீழ்வீட்டுல ஈர விறகு புகைஞ்சா மேல்வீட்டுக்காரருக்குக் கண் எரியுமில்ல, அந்த மாதிரி. மடி அதை எதிர்த்து வெள்ளணுவை அனுப்பும். தட்டுல கூழாக் கட்டறது அதுதான். ரத்தத்துல வர்றது ரெண்டு பக்கமும்தான் போகும். பால்ல கிருமியைத் தேடினா கிடைக்காது, ஏன்னா அது மடிக்கு வரவேயில்ல. ஆடுகள்ல இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. உங்க ஆட்டுக்கும் இதேதான்னு நான் அடிச்சுச் சொல்லல. இருக்கலாம். உள்ள பார்த்தாதான் தெரியும்."

ஐயா, இரண்டு மாதமாக நாங்கள் மேல்வீட்டுக்காரரின் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அடுத்து அவர் பதிவேட்டில் இருந்த வரியைப் படித்தார்: "நஞ்சுக்கொடி முழுமையாக விழுந்தது. உறவினர் நேரில் பார்த்துள்ளார். மேல் நடவடிக்கை தேவையில்லை." தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"உறவினர் யாரு?"

"நான்தாம்மா."

"முழுசா விழுந்ததா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"முழுசா விழுந்தது."

"அப்படின்னா உள்ள தங்க வாய்ப்பு கம்மிதான்" என்று பெருமூச்சு விட்டுப் பதிவேட்டை மூடினார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் பலகை. 114.

8. உண்மை பின்வருமாறு.

ஜனவரி 9, காலை. குட்டிகள் பிறந்து, தாய் நக்கித் துடைத்து, இரண்டும் எழுந்து நின்றுவிட்டன. நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது பள்ளியிலிருந்து ஆள் வந்தது: மகள் படியில் விழுந்து பல் உடைந்துவிட்டது, உடனே வரவும். என் அக்கா மகள் கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "மாமா, அது தானா விழும். நேரம் எடுக்கும். இழுத்துகிழுத்து வைக்காதீங்க. முழுசா விழுதான்னு மட்டும் பாருங்க. உங்களுக்கு ஒரே வேலை, பார்க்கறது."

"பார்க்கறதுல நான் கழுகுக்கே பாடம் எடுப்பேன், நீ போ" என்றேன்.

அன்று முற்றத்தில் இரண்டு ஸ்டூல்களின் மேல் ஒரு மருந்துக்கடைப் பலகையைப் படுக்க வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் வேலை. மஞ்சள் எழுத்து இன்னும் ஈரம். மேனேஜருக்கு என்ன தோன்றியதோ, வந்து தன் பின்பக்கத்தைப் பலகையின் விளிம்பில் தேய்த்தாள். தொங்கிக்கொண்டிருந்தது என் எழுத்துகளின் மேல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இழுபட்டது. நான் கத்தினேன்: "அடியே, இது மருந்துக்கடை போர்டு, உன் பிரசவ வார்டு இல்ல!" இரண்டு முறை விரட்டினேன். மூன்றாம் முறையும் வந்தாள். பெயிண்ட் துடைக்கும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, தொங்கியதைப் பிடித்து இழுத்தேன்.

ஈரத் துணி கிழிவது போல் ஒரு சத்தம். கையில் வந்தது முழுதல்ல. கிழிந்த முனை மெதுவாக உள்ளே போனதை என் கண்ணால் பார்த்தேன். பார்ப்பதுதானே எனக்குக் கொடுத்த வேலை.

கையில் இருந்ததைத் துணியோடு கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். பலகையைத் துடைத்து, எழுத்தைத் திரும்ப எழுதினேன். மாலையில் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"விழுந்துதா மாமா?"

"விழுந்துது."

"முழுசா?"

"முழுசா."

நான் வாழ்நாளில் ஆயிரம் புளுகு சொல்லியிருக்கிறேன். ஒரு தவளை லாரியைக் கவிழ்த்ததை நேரில் பார்த்ததாகச் சொன்னவன். என் பேச்சில் பத்தில் ஒன்பதை அவள் நம்பியதே இல்லை, சிரித்துவிட்டுப் போவாள். இந்த ஒரு சொல்லை மட்டும் நம்பினாள். ஆட்டு விஷயத்தில் ஒருவர் பொய் சொல்வார் என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது. ஜனவரி 27ஆம் தேதி வாடையைச் சொல்லப் போனவள், ஜன்னல் இரண்டில் கேட்டபோது அதே சொல்லைத்தான் சொன்னாள்: "முழுசா விழுந்துது சார், எங்க மாமா பார்த்தாரு." பதிவேட்டில் ஏறியது என் பொய். சொன்ன வாய் அவளுடையது. பலகையில் ஏறியதும் அவள்.

9. முதல் ஆறு மனுக்களிலும் தட்டு சாரைத் திட்டினேன், ஜன்னல்களைத் திட்டினேன், ஒன்றரை அடிச் சுவரைத் திட்டினேன். அவற்றில் பாதிக்கு மேல் நியாயமே என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தப் பதிவேட்டில் நான் இல்லாமல் இருந்திருந்தால், அன்றே யாராவது உள்ளே பார்த்திருப்பார்கள். அந்த ஆறு மனுக்களிலும் நான் இதை எழுதாததற்குக் காரணம் ஒன்றுதான். அவள் வீட்டில் சாப்பிடுகிறேன். அவள் மகள் என் மடியில் உட்கார்ந்துதான் எழுத்துக் கற்றாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்தேன். பயந்தவன் போடும் சத்தம் பெரிது; அந்த ஆறு மனுக்களைத் திரும்பப் படித்தால் தாங்களே காண்பீர்கள்.

நேற்றுக் காலை அவள் அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரை விளாவாமல் கையில் ஊற்றிக்கொண்டாள். நான் பாத்திரத்தைப் பிடுங்கினேன். "விடுங்க மாமா, இன்னும் மூணு நாள்தானே இவளுக்கு. அதுவரைக்குமாவது சுத்தமா கறக்கறேன்" என்றாள். அதற்கு மேல் எனக்கு முடியவில்லை ஐயா. அதனால் எழுதுகிறேன்.

10. ஆகவே பணிவுடன் வேண்டுவது:

18ஆம் தேதி வண்டியில் மேனேஜரை ஏற்றுவதற்கு முன், ஜன்னல் இரண்டில் இப்போது இருக்கும் டாக்டர் அம்மாவைக் கொண்டு அவளது கருப்பையைப் பரிசோதிக்க ஆணையிடுங்கள். அந்த அம்மாவின் பதில் பணி நாளையோடு முடிகிறது என்று பியூன் சொன்னார். உள்ளே ஏதும் இல்லை, மருந்துக்குக் கட்டுப்படாது என்று தெரிந்தால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்; கயிற்றை நானே அவிழ்த்து வண்டியில் ஏற்றிவிடுவேன். பார்க்காமல் ஏற்றாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஜனவரி 27ஆம் தேதிப் பதிவில் "முழுமையாக விழுந்தது" என்பதை அடித்துவிட்டு, "மாமன் இழுத்ததில் கிழிந்தது, மீதி உள்ளே சென்றது" என்று எழுதச் சொல்லுங்கள். அருகில் நான் கையெழுத்திடுகிறேன்.

பரிசோதனையின் முடிவு எதுவாயினும், பலகையிலிருந்து 114-ஐ இன்றே அழிக்கச் சொல்லுங்கள். மற்ற எட்டு ஆடுகளின் பாலே அதற்குச் சாட்சி. பலகை காலியாக இருப்பது அலுவலகத்துக்கு அழகில்லை என்று தாங்கள் கருதினால், அவ்விடத்தில் என்னை எழுதலாம். எனக்கு அட்டை எண் இல்லை. "போர்டு மாமா" என்று நானே என் தூரிகையால், தலைப்புக்குப் பொருந்தும் எழுத்தில் எழுதித் தருகிறேன். சாக்கட்டி வேண்டாம், எனாமல். மழைக்கும் போகாது.

இறுதியாக, மூன்று முறை மடி தவறிய ஆட்டுக்கு ஜன்னல் ஒன்றின் பதிவேட்டையும் ஜன்னல் இரண்டின் பதிவேட்டையும் ஒரே மேசையில் ஒரு தடவை விரித்துப் பார்க்கும் வழக்கத்தைத் தாங்கள் கொண்டுவந்தால், மூன்றாவதாக ஒரு ஜன்னலுக்கு இலவசமாகப் பலகை எழுதித் தருவேன். சுவரை இடிக்கச் சொல்லவில்லை. ஒருவர் எழுந்து நாலு எட்டு நடந்தால் போதும்.

எனக்கு என்ன தண்டனை என்பதைத் தாங்கள் தீர்மானியுங்கள். அதைப் பற்றி நான் எட்டாவது மனு எழுத மாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். தங்களுக்கும் அது ஓர் ஆறுதலாக இருக்கும்.

மிகவும் களைத்துப்போன,
தங்கள் நீண்டநாள் பெஞ்சுவாசி,

(கையொப்பம்)
போர்டு மாமா

இடம்: ஆட்டுக் கொட்டகையை ஒட்டிய அறை
நாள்: ஏப்ரல் 16, வண்டி வருவதற்கு இரண்டு நாள் முன்பு

இணைப்புகள்:
1. ஆய்வக அறிக்கைகள், இரண்டு.
2. முந்தைய மனுக்களின் முத்திரைச் சீட்டுகள், ஆறு.
3. என் வலது உள்ளங்கையின் பதிவு, சிவப்பு எனாமலில், தனித்தாளில். ஜனவரி 9ஆம் தேதி இழுத்த கை இதுதான். தாள் இன்னும் காயவில்லை. மற்ற காகிதங்களில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளவும்.

நகல்:
கறவை அட்டை எண் 114. (அவள் பால் கறக்கும் ஸ்டூலின் மேல், பறக்காமல் இருக்க அவளுடைய சோப்புக் கட்டியைப் பாரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இம்மனு தங்கள் கைக்கு வரும் நேரத்தில் அவள் படித்து முடித்திருப்பாள். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கூப்பிட வேண்டுமானால் கீழே பெஞ்சில் இருக்கிறேன், ஆணிப் பக்கம்.)